கையெழுத்துக் கேட்க ஏன் கூசுகிறாய்?

காங்கேசன்துறையில் உன் வீட்டு விறாந்தையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நாகபட்டினத்திலிருந்து கப்பலில் வந்த வியாபாரி. உன் கறித்தூளை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்க்கிறார்.

"இந்த வாசம் எப்படி வருது?"

அவ்வளவுதான்! நீ உருகிப்போகிறாய்.

செத்தல் மிளகாயை எந்த நிறத்தில் இறக்குவது, மல்லிக்கு எவ்வளவு நெருப்பு, பெருஞ்சீரகத்தை எப்போது போடுவது, கறிவேப்பிலை எந்தச் சத்தத்தில் நொறுங்க வேண்டும்... எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறாய். அம்மம்மா உன் கையைப் பிடித்துப் பழக்கிய பதம். தேத்தண்ணி ஆறுவதற்குள் கைமாறிவிட்டது!

ஆறு மாதம் கழித்து அதே வாசம் வேறு பெயர் ஒட்டிய பையில் கடையில் தொங்கினால் யாரிடம் போய் முறையிடுவாய்?

ஏன் ஒரு கையெழுத்துக் கேட்கவில்லை?

"நல்ல மனுசன். கேட்டால் மனம் நோகுமே."

பொய்! உன் பயத்துக்கு நீ போட்ட நல்ல சட்டை அது.

1990ஐ நினைத்துப் பார். போரில் ஷெல் விழுந்தபோது இந்த ஊர்ச் சனம் எதைத் தூக்கிக்கொண்டு ஓடியது?

காணி உறுதியை!

பொலித்தீன் பையில் சுற்றி, முகாம் முகாமாக, வாடகை வீடு வாடகை வீடாக, இருபது முப்பது வருடம் பொத்திப் பொத்திக் காத்தார்கள். வீடு தரைமட்டமானது. எல்லைக் கல்லைக் காணோம். பற்றை மூடிய நிலத்தில் நின்று "இது என்னுடையது" என்று சொல்ல அந்தத் தாள்தான் இருந்தது.

காணிக்கு உறுதி கேட்கக் கூசாத நீ, உன் கைப்பக்குவத்துக்கு உறுதி எழுதக் கூசுவதா?

அந்த உறுதிக்குப் பெயர் இருதரப்பு இரகசியக் காப்பு உடன்படிக்கை. பெரிய கம்பனிகள் பேச்சைத் தொடங்குமுன் மேசையில் வைக்கும் சாதாரணத் தாள். அங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. உனக்கு மட்டும் ஏன் வியர்க்கிறது?

இருதரப்பு! அந்தச் சொல்லைக் கவனி.

அவருடைய வாடிக்கையாளர் பட்டியல், கொள்முதல் விலை, இலாபக் கணக்கு எல்லாம் உன் காதிலும் விழும். அதைப் பக்கத்துக் கடையில் போய் உளற மாட்டேன் என்று நீயும் கையெழுத்திடுகிறாய். அவர் வாயும் கட்டு, உன் வாயும் கட்டு. இதில் அவமானம் எங்கே வந்தது? இரண்டு பேரும் ஒரே உயரத்தில் உட்காரும் நாற்காலி அது!

"நான் சின்ன ஆள்" என்கிறாயா? சின்ன ஆளுக்குத்தான் இது அதிகம் வேண்டும்!

இங்கிலாந்தில் கோகோ என்றொருவர் மொபெட் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். சேர்ந்து தயாரிப்போம் என்று ஒரு கம்பனியோடு பேசினார். எல்லாவற்றையும் விளக்கினார். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. பேச்சு முறிந்தது. அந்தக் கம்பனி தானே ஒரு இயந்திரத்தோடு வந்து நின்றது.

1968இல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்டார். கிடைக்கவில்லை!

ஏன் தெரியுமா? தான் சொன்னவற்றில் எது இரகசியம் என்று அவரால் நிறுவ முடியவில்லை. இரகசியத் தகவல் பற்றிய வழக்குகளில் இன்றும் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு அது. சட்டம் வளர்ந்தது. கோகோ கேட்ட தடை மட்டும் கிடைக்காமலே போனது.

அதனால்தான் சொல்கிறேன், எழுது! எது இரகசியம் என்று எழுது. வறுக்கும் முறையா, கலவை அளவா, யாரிடம் மிளகாய் வாங்குகிறாய் என்பதா? எந்த வேலைக்காகக் காட்டுகிறாய், யார் யார் பார்க்கலாம், எத்தனை வருடம் வாய் திறக்கக்கூடாது, பேச்சு முறிந்தால் மாதிரிகளையும் குறிப்புகளையும் எப்போது திருப்பித் தர வேண்டும்? எழுது!

அவர் கடலுக்கு அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம். வழக்கு வந்தால் எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம்? இந்த ஒரு வரியை விட்டவர்கள்தான் பிறகு அலைவார்கள். ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோய்க் காட்டு. அந்தச் செலவுக்கு முகம் சுளிக்காதே!

ஊரறிந்ததை இரகசியம் என்று எழுதாதே. தூளில் மல்லி இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் முன்பே அறிந்ததையும் நீ கட்டிப்போட முடியாது. உன்னுடையதை மட்டும் கேள். அதை முழுதாகக் கேள்!

நம் இலங்கையிலேயே சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெளியிடப்படாத வணிகத் தகவலைக் காக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. அதை இரகசியமாக வைத்திருக்க நீ நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும்.

நீ என்ன முயற்சி எடுத்தாய்? அளவு எழுதிய கொப்பி குசினி யன்னலில் திறந்து கிடக்கிறதே!

1977இல் கொக்கா கோலா இந்தியாவையே விட்டு வெளியேறியது. பங்கைக் குறை, தயாரிப்பு இரகசியத்தைக் கொடு என்று அரசு கேட்டபோது அவ்வளவு பெரிய சந்தையை உதறிவிட்டுப் போனார்கள். நீ ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குள் கொடுத்துவிட்டாய்!

கையெழுத்திட மறுக்கிறாரா? மறுக்கட்டும். எல்லாரும் முதல் நாளே கையெழுத்திட மாட்டார்கள். அதற்காக அவரைத் திருடன் என்று நினைக்காதே. தூளைக் கொடு, ருசிக்கட்டும். விலையைப் பேசு. அடுப்படிக் கதவை மட்டும் சாத்து!

"நான் ஏற்கெனவே சொல்லி ஏமாந்துவிட்டேன்" என்று தலையைத் தொங்கப்போடுகிறாயா?

நிமிர்ந்து பார்! இந்த ஊரில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை போரில் நின்றுபோனது. தண்டவாளம் இல்லாமல் போனது. 2015 ஜனவரியில் ரயில் திரும்பக் கூவிக்கொண்டு வந்ததா இல்லையா? நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் வந்தது, சில நாளில் நின்றது, 2024 ஓகஸ்டில் மறுபடியும் வந்தது!

போனது ஒரு கலவை. அதைக் கண்டுபிடித்த மூக்கும் கையும் உன்னிடம்தானே இருக்கின்றன? புதிதாக வறு. இம்முறை எழுதி வை. திகதி போடு. யாருக்கு எதைக் காட்டினாய் என்று குறித்து வை.

அடுத்த கப்பலில் ஒருவர் வருவார். இரண்டு பிரதி எடுத்து மேசையில் வை. முதல் கையெழுத்தை நீ போடு. பேனாவை அவரிடம் நீட்டு.

அதற்குப் பிறகு அடுப்பை மூட்டு!