தண்டனையா, சோதனையா?

2004 டிசம்பர் 26 இல் கிழக்குக் கரையில் ஜனாஸாக்களை அடக்கி முடிக்கு முன்பே, "பாவத்துக்கு வந்த தண்டனை" என்றனர் சிலர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் கொண்டுபோனவர்களுள் கைக்குழந்தைகளும் இருந்தனர். அவர்கள் செய்த பாவம் என்ன? நீரில் மூழ்கி மௌத்தானவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டென்று சொல்லும் மார்க்கம் நம்முடையது.

சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் புவித்தட்டு சறுக்கியதால் எழுந்த அலை, நமது கரையை எட்ட ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பசுபிக் சமுத்திரத்தில் 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்தில் அன்று இருக்கவில்லை.

அலை இறைவனின் நாட்டம். அந்த இரண்டு மணித்தியாலம் மனிதரின் பொறுப்பு. 'தண்டனை' என்ற சொல் மௌத்தானவர்களைக் குற்றவாளிகளாக்குகிறது; இருப்பவர்களைக் கேள்வியின்றி விட்டுவிடுகிறது.

இன்று எச்சரிக்கை அமைப்பு உண்டு. அறிவிப்பு வந்தால் எந்தப் பாதையால் மேட்டுக்கு ஓடுவதென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்). நடந்தது சோதனை என்றால், அதை எழுத வேண்டியவர்கள் உயிரோடிருக்கும் நாம்தான்.