ஆறு கடக்கும் வரை



"ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார், நான் யார்?" என்பது நம் நாட்டுப் பழமொழி. கடை வைத்துப் பிழைக்கும் நம்மில் இதைச் சொல்லாத வாய் இல்லை. சரக்கைக் கடனாக வாங்கும்போது குழைந்து பேசியவன், தவணை வந்ததும் எதிர்ச் சாரியில் நடந்தால் இதைச் சொல்லுகிறோம். நம்மிடம் தொழில் கற்றவன் நம் கடைக்கு எதிரிலேயே கடை திறந்தால் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம்.

ஆனால், இப்பழமொழியின் பொருள் யாது என்று ஆர அமர எண்ணிப் பார்த்தோமா? உலகம் இப்படித்தான் இருக்கும் என்று அஃது எச்சரிக்கிறதா? இப்படி இருக்கலாமா என்று இடித்துரைக்கிறதா? அல்லது, கரையேறியதும் உறவு முடிவதே நியாயம் என்கிறதா? படகில் உடன் வந்தவனுக்கு, கரையேறிய பிறகு நாம் செலுத்த வேண்டிய கடமை ஏதேனும் உண்டா? இதுவே என் கேள்வி.

இக்கேள்வியை என்னிடம் எழுப்பியவன் என் மகளின் மகன். ஏழு வயதுச் சிறுவன். ஊரிலிருந்து உறவினர் வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சிங்கப்பூர் ஆற்றைக் காட்ட வேண்டுமென்று, செங்காங்கில் ரயிலேறிக் கிளார்க் கீயில் இறங்கி, படகுக்குச் சீட்டு வாங்கினோம். எங்களோடு ஒரு மலாய்க் குடும்பமும், வட இந்திய இளைஞர் சிலரும், வயது முதிர்ந்த ஒரு சீனத் தம்பதியும் ஏறினார்கள். படகு பாலங்களின் அடியே சென்று ஆற்றின் முகத்தை அடைந்தது. சிங்கத் தலையும் மீன் உடலுமாய் நிற்கும் சிலை கண்ணில் பட்டதும், படமெடுக்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடினோம். படகு சாய்ந்தது. படகோட்டி உரத்த குரலில் அதட்ட, அத்தனை பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். அந்தக் கணத்தில் என் பேரன் தடுமாறினான். அவனைப் பிடித்துக்கொண்ட கை, அந்தச் சீன மூதாட்டியின் கை. கரை வந்து சேரும் வரை அவ்வம்மையார் அவன் கையை விடவில்லை.

கரையேறினோம். அவர்கள் ஒரு திசை, நாங்கள் ஒரு திசை. நன்றி சொல்லவும் மறந்துவிட்டேன். சிறிது தூரம் நடந்ததும் பேரன் கேட்டான்: "நன்னா, அந்தப் பாட்டி நமக்கு யாரு?" "யாருமில்லை, வாப்பா" என்றேன். சொல்லி முடித்ததும் பழமொழி நினைவுக்கு வந்தது. ஆறு கடந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. அதற்குள் "நீ யார்" என்று கேட்டுவிட்டேன்!

நிற்க. அந்த ஆறு நமக்குப் புதிய ஆறு அன்று. 1822ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், ஆற்றின் மேற்பகுதியில் சூலியா கம்பம் என்றே ஓர் இடம் குறிக்கப்பட்டிருந்தது. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் முன்னோரைக் குறித்த பெயர். இன்றும் சூலியா தெரு அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வாற்றில் தொங்காங்கு தள்ளிய படகோட்டிகளில் பெரும் பகுதியினர் நம் மக்களே. அந்நூற்றாண்டு முதிரும்போது அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து சரக்கை இறக்கி, ஆற்று வழியே கொண்டுவந்து, கரையோரக் கிட்டங்கிகளில் சேர்ப்பது அவர்கள் வேலை.

எண்ணிப் பாருங்கள்: அரிசி மூட்டை படகில் இருக்கிறது, அதன் சொந்தக்காரன் படகில் இல்லை. கப்பலில் கணக்கு எழுதியவனும் இல்லை. கிட்டங்கியில் எண்ணி வாங்குபவனும் இல்லை. நடு ஆற்றில் மூட்டைக்கும் படகோட்டிக்கும் சாட்சி அல்லாஹ் ஒருவனே. வாணிபம் என்னும் பெரிய மாளிகை இந்த அமானிதத்தின் மேல்தான் எழுந்தது.

அன்றியும், ஆறு யாருக்கும் அவசரப்படாது. 1869இல் கட்டப்பட்ட கேவனா பாலம் தாழ்வானது. பெருக்கு நேரத்தில் சரக்குப் படகுகள் அதன் அடியே நுழைய முடியாமல், நீர் வற்றும் வரை காத்துக் கிடந்தன. பெரிய முதலாளியின் சரக்கென்று தண்ணீர் முன்னதாக வற்றியதில்லை. ஏழையின் சரக்கென்று பிந்தியதுமில்லை. போட்டியிட்ட வணிகர் இருவரின் படகுகளும் அருகருகே நின்று ஒரே வற்றத்துக்குக் காத்திருந்திருக்கும். கரையில் பகைத்தவர்களையும் ஆறு பக்கத்தில் நிறுத்திவிடும்.

இனி, எதிர்க் கட்சியையும் கேட்போம். வியாபாரி ஒருவன் இவ்வாறு வாதிக்கலாம்: "உடன் வந்தவர் எல்லோருக்கும் ஆயுள் முழுதும் கடன்பட்டவன் நான் என்றால், தொழில் நடத்துவது எப்படி? ஓடக் கூலி கொடுத்தாயிற்று. அவன் கொண்டு சேர்த்துவிட்டான். பற்றும் வரவும் நேர். கூட்டாளிகள் பிரிந்தால், ஐந்தொகை போட்டு, காசு பாக்கியில்லாமல் தீர்த்துக்கொண்டு போவதே கண்ணியம். முடிய வேண்டியதை முடிய விடாமல் இழுத்துக்கொண்டிருப்பவனால்தான் வழக்கும் வம்பும் வளர்கின்றன."

இந்த வாதத்தில் உண்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கணக்கைத் தெளிவாக எழுதி முடிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. எல்லோரும் எல்லோருக்கும் அண்ணன் தம்பி என்று மேடையில் முழங்குகிறவன், தன் கடைச் சிப்பந்திக்குச் சம்பளத்தை மூன்று மாதம் நிறுத்தி வைப்பதை நாம் கண்டதில்லையா? அந்தச் சகோதரத்துவத்தைவிட நேரான கணக்கு ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால், இதே வாதத்தை ஒரு காலத்தில் நானும் சொன்னேன். அதன் விலை என்னவென்று இப்போது சொல்லுகிறேன். என் இளமையில் சிராங்கூன் சாலைப் பக்கம் சிறு கடையொன்றை மற்றொருவரோடு கூட்டாக நடத்தினேன். இருவரும் கடையிலேயே படுத்தோம். ஒரே சட்டியில் உண்டோம். எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் அவர். சில ஆண்டுகளுக்குப் பின் பிரிந்தோம். சண்டையில்லை, பெரியவர்கள் இருவர் முன்னிலையில் கணக்குப் பார்த்துப் பிரிந்தோம். ஒருவருக்கொருவர் ஒரு காசு பாக்கியில்லை. பின்னாளில் அவர் தொழில் நொடித்து, நோயாய்ப் படுத்தார் என்று கேள்விப்பட்டேன். "போய்ப் பார்க்கவில்லையா?" என்று வீட்டில் கேட்டார்கள். "எங்கள் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது" என்றேன். அடுத்து வந்த செய்தி மவுத்துச் செய்தி. ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்றேன். என் பேரேட்டில் அவர் பெயருக்கு எதிரே பாக்கி ஏதுமில்லை. ஆனால் அன்று நான் கடனாளியாய் நின்றேன் என்பதை நான் அறிவேன். என்னைப் படைத்தவனும் அறிவான்.

ஆகவே, எது முடிகிறது, எது முடிவதில்லை என்று பிரித்தறிய வேண்டும். பணக் கணக்கு முடியலாம், முடியவும் வேண்டும். மூன்று பொருள்கள் மட்டும் கரையேறினாலும் முடிவதில்லை.

முதலாவது, உடன் வந்தவனைப் பற்றி நாம் அறிந்தது. படகு சாயும்போது யார் அலறினான், யார் பிறரைத் தள்ளினான் என்பது உடனிருந்தவனுக்குத் தெரியும். கூட்டாளிக்குக் கூட்டாளியின் பலவீனம் தெரியும். அதைக் கரையில் கடை பரப்பாமல் காப்பது அமானிதம். பிரிந்த பின்னர் அதன் பாரம் கூடுமேயன்றிக் குறையாது.

இரண்டாவது, கேட்காமலே பெற்ற உதவி. கூலிக்கு வந்த உதவியைக் கூலி தீர்க்கும். கூலியில்லாமல் நீட்டிய கையை எந்தக் கூலி தீர்க்கும்? அந்தச் சீன மூதாட்டியை நான் மீண்டும் காணப் போவதில்லை. ஆயினும், தடுமாறும் மற்றொரு குழந்தையின் கையை நான் பிடிக்கலாம். அவருக்குத் திருப்பிச் செலுத்த முடியாததை அடுத்தவருக்குச் செலுத்துவதே அதற்குரிய வழி.

மூன்றாவது, நமக்குப் பின்னே அதே ஆற்றில் வரப்போகிறவன். நாம் இறங்கிவிட்டோம் என்பதற்காகப் படகு நின்றுவிடுவதில்லை. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் பிழைக்க வந்தவர்கள். கரையேறியதும் தம் வழி பார்த்துப் போயிருக்கலாம். ஆனால் 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினார்கள். 1828க்கும் 1830க்கும் இடையே, அந்நாளில் கடலோரமாயிருந்த தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவை எழுப்பினார்கள். அடுத்த கப்பலில் எவன் வருவான் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவனுக்காகக் கட்டினார்கள். ஆறு கடந்தபின் "நீ யார்" என்று கேளாமல், "நீ எப்போது வருவாய்" என்று கேட்டவர்கள் அவர்கள்.

நாம் ஆற்றுக்கு என்ன செய்தோம்? கரையிலிருந்த கடைகளும், தொழில்களும், குடிசைகளும் தத்தம் கழிவை அதில் விட்டன. நாற்றத்தை எல்லோரும் பழித்தார்கள், எல்லோரும் கொட்டினார்கள். 1977இல் அரசாங்கம் தொடங்கிய துப்புரவுப் பணி 1987 வரை பத்து ஆண்டுகள் நீடித்தது. 1983இல் ஏறத்தாழ எண்ணூறு சரக்குப் படகுகள் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. ஆறு தெளிந்தது, நகரம் பெருமை கொண்டது. அப்பணி தேவையானதே. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்நகரின் செல்வத்தைத் தோணியில் ஏற்றி வந்த தொழிலாளிக்கு, ஆறு தெளிந்த நாளில் அந்த ஆற்றில் இடமில்லை. இன்று உல்லாசப் படகில் அமர்ந்து அழகை ரசிக்கும் நாம், அவனை ஒரு கணம் நினைப்பதாவது கடமையன்றோ?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக்காட்டிய கப்பல் உவமை நாம் அறிந்ததே. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்க, புகாரியில் பதிவான ஹதீது அது. அதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்கத் தவறுகிறோம். கீழ்த்தட்டில் துளையிட எண்ணியவர்கள் பகைவர்கள் அல்லர். தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேல்தட்டாரைக் கடந்து சென்று தொல்லை தருகிறோமே என்று கருதியவர்கள். தங்கள் பங்கில்தானே துளையிடுகிறோம் என்று நம்பியவர்கள். கெட்ட எண்ணம் கொண்டவனை அடையாளம் காண்பது எளிது. "என் பங்கு, என் கடை, என் கணக்கு, பிறருக்குத் தொல்லையில்லை" என்று நல்ல மனத்தோடு துளையிடுபவனே அபாயமானவன். கூட்டாளியின் நோயைக் கேட்டும் போகாத நான் அவ்வகையைச் சேர்ந்தவன்.

இப்போது என் வீட்டருகே உள்ள ஆற்றுக்கு வருவோம். செங்காங்கின் ஓரமாய்ச் செல்லும் சுங்கை பொங்கோல் ஒரு காலத்தில் கடலில் போய்க் கலந்தது. அதன் முகத்தில் அணை கட்டப்பட்டு, 2011இல் அது நீர்த்தேக்கமாகத் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் ஆற்று நீரும் 2008இல் திறக்கப்பட்ட மரீனா அணைக்குள் அடங்கிவிட்டது. பெருக்கும் வற்றமும் பழங்கதை ஆயின. செங்காங் ஆற்றில் 2010இல் அமைத்த மிதக்கும் ஈரநிலத்தில், செடிகளின் வேர்கள் நீரில் தொங்கி அழுக்கை உறிஞ்சுகின்றன. மாலையில் சிறு படகுகளில் இளைஞர் துடுப்புப் போடுவதைக் கரையிலிருந்து காண்கிறேன். அவர்கள் துடுப்புப் போடும் நீர்தான் சுத்திகரிக்கப்பட்டு நம் குடிநீரில் சேருகிறது.

முன்பு எதைக் கொட்டினாலும் ஆறு கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்று எண்ணினோம். இனி அப்படி எண்ண இயலாது. நாம் இட்டது இங்கேயே நிற்கிறது. மனிதர் உறவும் அத்தகையதே என்று எனக்குத் தோன்றுகிறது. கரையேறிவிட்டோம், எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நினைக்கிறோம். போகவில்லை. நாம் செய்த நன்மையும், செய்யத் தவறிய நன்மையும் அதே நீரில் நின்று, ஒரு நாள் நம் குவளைக்கே வந்து சேருகின்றன.

ஆதலின், சகோதரர்களே, பழமொழியை இடித்துரையாகவே கொள்வோம். பிரிந்த கூட்டாளி, ஊர் திரும்பிய பழைய சிப்பந்தி, கடை மூடிப்போன அண்டைக் கடைக்காரர்: இவர்களில் ஒருவரையேனும் இந்த மாதம் தேடிச் சென்று ஸலாம் சொல்லுங்கள். கொடுக்கல் வாங்கலைப் பேச வேண்டாம். நலம் விசாரித்தால் போதும். எங்கள் செங்காங் பள்ளிவாசலுக்கு அல்-மவத்தா என்று பெயர். அன்பு என்பது அதன் பொருள். அதன் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கடைசி வரிசை எனக்கு நினைவு வருகிறது. உங்களுக்கு அந்நிலை வர வேண்டாம். கால்கள் நடக்கும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் கணக்குகளை நேராக்கி, நம் உள்ளங்களையும் நேராக்குவானாக! ஆமீன்.