கூப்பிட்டால் கேட்கும் தூரம்

செல்பேசி மணி அடிப்பதற்குச் சற்று முன் நெட்வொர்க் நம்மைத் தேடி முடித்திருக்கிறது. அழைத்தவருக்கு அந்தத் தேடல் தெரியாது, நமக்கும் தெரியாது. இத்தனை கோடிப் பேர் ஓயாமல் நடமாடும் நாட்டில் அது எப்படி முடிகிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு அடங்காத விஷயம்.

பேசிக்கொண்டிருக்கும்போது நாம் எந்த டவரின் கீழ் இருக்கிறோம் என்று நெட்வொர்க்குக்குத் தெரியும். பேச்சு அறுபடாமல் ஒரு டவரின் எல்லையான செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குக் கைமாற்றும் ஏற்பாட்டுக்கு பெல் ஆய்வகத்தின் ஏமஸ் ஜோயல் 1972இல் காப்புரிமை பெற்றார். போன் சட்டைப்பையில் சும்மா கிடக்கும்போது நிலைமை வேறு. இரண்டாம் தலைமுறைச் செல்பேசி முறையான ஜிஎஸ்எம்மை வகுத்தவர்கள் பல டவர்களைச் சேர்த்து ஒரு வட்டாரம் ஆக்கினார்கள். வட்டாரம் மாறினால் போன் தகவல் சொல்லும். மாறாவிட்டால் எப்போதாவது ஒருமுறை 'இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்லும். நெட்வொர்க்கின் பதிவேட்டில் ஏறுவது வட்டாரம்தான், தெரு அல்ல. அழைப்பு வந்ததும் அந்த வட்டாரத்து டவர்கள் எல்லாம் கூவும். தனக்கான அழைப்பு என்று உணர்ந்த போன் மட்டும் பதில் தரும்.

திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களே, அதுபோலத்தான். ஆனால் பெயரை ஊரே கேட்டுவிடக் கூடாது என்றும் ஜிஎஸ்எம்மை வகுத்தவர்கள் யோசித்திருந்தார்கள். சிம்மில் உள்ள நிரந்தர அடையாள எண்ணுக்குப் பதிலாக ஒரு தற்காலிக எண் கூவப்படும். சிம்முக்குள் இருக்கும் 128 பிட் ரகசியச் சாவியோ வெளியே வருவதே இல்லை. நெட்வொர்க் ஓர் எண்ணை அனுப்பும். சிம் அதைத் தன் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பித் தரும்.

இவ்வளவு யோசித்தவர்கள் ஓர் ஓட்டையை விட்டுவிட்டார்கள். 'நீ யார்' என்று நெட்வொர்க் கேட்கலாம், போன் திருப்பிக் கேட்க முடியாது. தற்காலிக எண் புரியவில்லை என்று டவர் சொன்னால் நிரந்தர எண்ணைக் கொடுத்தாக வேண்டும். போலி டவர் வைத்து வேவு பார்ப்பவர்களுக்கு அதுவே வழியாயிற்று. நெட்வொர்க்கும் தன்னை நிரூபிக்க வேண்டும் என்பது 3ஜியில் வந்தது. நிரந்தர எண் வெளியே தெரிவது அப்போதும் நிற்கவில்லை.

வட்டார ஏற்பாட்டைப் பொறியாளர்களின் கருணை என்று நான் சொல்லமாட்டேன். அலைவரிசையையும் பேட்டரியையும் மிச்சம் பிடிக்கத்தான் அப்படி வகுத்தார்கள். நம் அழைப்புக் கணக்கை நிறுவனங்கள் எழுதி வைத்திருப்பதும் உண்மைதான். ஆனாலும் அந்தச் சிக்கனம் தன்னையறியாமல் ஒன்றை நிரூபித்துவிட்டது: ஒருவரைச் சென்றடைய அவரை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரம் தெரிந்தால் போதும். மீதியை அவருடைய பதில் பார்த்துக்கொள்ளும். நம்மைப் பற்றி எல்லாம் தெரிந்தால்தான் சேவை தர முடியும் என்று யார் வந்து சொன்னாலும் நான் இதை நினைத்துக்கொள்கிறேன்.

முதல் ஜிஎஸ்எம் அழைப்பு பின்லாந்தில் 1991இல் பேசப்பட்டது. 27 ஆண்டுகள் கழித்து, 2018இல் வந்த 5ஜி தரநிர்ணயத்தில் அடையாளத்தை வெளியே காட்டுவதிலும் அந்தச் சிக்கனம் வந்தது; அதில் ஒரு பகுதி கடமையாகவே எழுதப்பட்டது. நிரந்தர எண்ணைச் சொந்த நெட்வொர்க் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டுக்குள் வைத்து அனுப்பலாம். கூவிய தற்காலிக எண்ணுக்குப் போன் பதில் தந்ததும் அந்த எண்ணை மாற்றியே ஆக வேண்டும். அப்படியும் அழைப்பு வந்து சேர்கிறது.