ஒற்றை மீனுக்குத் துணை: பழனிமலைச் சாரலில் ஓர் அறவினா

சயாம் சண்டை மீன் என்றும், மீன் கடைகளில் 'ஃபைட்டர்' என்றும் அழைக்கப்படும் பெட்டா மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் அடிக்கடி எழுப்பும் வினா, அதனோடு வேறு எந்த மீனைச் சேர்த்து விடலாம் என்பதாகும். மீன் வளர்ப்பின் எல்லைக்குள் அடங்கிவிடுவதாகத் தோன்றும் இவ்வினாவின் அடியில் வேறொரு வினா கிடக்கிறது: தன் விருப்பைச் சொல்ல இயலாத ஓர் உயிருக்கு, அதன் வாழ்நாள் முழுமைக்குமான அண்டையாரைத் தேர்ந்தளிக்கும் மனிதன் எவற்றுக்கெல்லாம் பொறுப்பாகிறான்? கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணமும், உயிரிரக்கத்தையே வழிபாடாகக் கண்ட வள்ளலார் நெறியும் வேரூன்றிய தமிழகத்தில் இவ்வினாவை ஆராய்வதற்குப் பழனிமலைத் தொடர் பொருத்தமான களமாகும்; அதன் அடிவாரச் சமவெளியில் பழைய சமணத் தலமொன்று நிற்கிறது, உச்சியில் உள்ள கொடைக்கானலிலோ பெட்டா மீனுக்குச் சற்றும் ஒவ்வாத குளிர் நிலவுகிறது.

பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று 1910ஆம் ஆண்டில் ஆங்கிலேய மீனியலாளர் சார்லஸ் டேட் ரீகன் பெயரிட்ட இம்மீன், தாய்லாந்தின் ஆழமற்ற சதுப்புகளுக்கும் நெல்வயல் நீருக்கும் உரியது. உயிர்வளி குறைந்த அந்நீரில் வாழ்வதற்கு ஏற்றவாறு, செவுள்களுக்கு மேலே பல மடிப்புகளைக் கொண்ட 'லேபிரிந்த்' என்னும் உறுப்பு அதற்கு அமைந்திருக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரே உறிஞ்சிக்கொள்ள அவ்வுறுப்பு உதவுகிறது. தமிழகத்துக்கு இது புதிய செய்தி அன்று. பனையேறிக் கெண்டை இதே அமைப்பை உடைய மீன். 1791ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் பனைமரத்தின் ஈரப் பொந்திலிருந்து அம்மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்னும் டேனிய அதிகாரி எழுதிய குறிப்பு ஐரோப்பிய அறிஞரிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. பெட்டாவுக்கு இன்னும் நெருங்கிய உறவான, குபானஸ் என்னும் அறிவியற் பெயர் பெற்ற சிறுமீன், புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து 1831இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அதுவும் பெட்டாவைப் போலவே நீர்மட்டத்தில் நுரைக்குமிழிகளால் கூடு கட்டி முட்டைகளைக் காக்கும்.

கூட்டைக் கட்டுவதும் முட்டைகளைக் காப்பதும் ஆண் பெட்டாவின் பணிகள். அதன் பொருட்டுத் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளும் ஆண் மீன், அவ்வெல்லைக்குள் நுழையும் மற்றோர் ஆணைச் செவுள் மூடிகளை விரித்தும் துடுப்புகளைப் பரப்பியும் எதிர்க்கிறது. முட்டையிட்டு முடித்த பெண்ணையும் கூட்டருகே தங்கவிடாமல் துரத்திவிடுகிறது. இவ்வியல்பையே பற்றுக்கோடாகக் கொண்டு சயாம் மக்கள் பல நூற்றாண்டுகள் இம்மீனைப் போருக்கென்று பொறுக்கி இனப்பெருக்கம் செய்தனர். காட்டு நீரில் இரண்டு ஆண்கள் எதிர்ப்படும்போது வலிமை குன்றியது சிறிது நேரத்தில் விலகிச் சென்றுவிடும். வளர்ப்பு இனத்திலோ அவ்விலகும் குணம் மழுங்கி, எதிர்க்கும் குணம் கூர்மையாக்கப்பட்டிருக்கிறது. இன்று கடையில் விற்கப்படும் மீனின் சீற்றத்தில் பாதி இயற்கை தந்ததென்றால், மீதி மனிதன் வளர்த்தது. இதை நினைவில் கொள்ளாமல் அம்மீனைக் கொடியது என்று பழிப்பது நேர்மையாகாது.

இவ்வாறு தனித்து வாழும் இயல்புடைய மீனுக்குத் துணை வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் இரக்கத்திலிருந்து என்பதே விடையாகும். தனிமையைத் துன்பமாக உணரும் மனிதன், தொட்டியில் ஒற்றையாக நீந்தும் மீனைக் கண்டு, அதுவும் தன்னைப் போலவே ஏங்குகிறது என்று கொள்கிறான். வள்ளலார் எனப்படும் வடலூர் இராமலிங்க அடிகளார் தம் சீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில், எவற்றால் உயிர்கள் துன்புறும்போது ஆன்மா உருக வேண்டும் என்பதை வரையறுத்துச் சொல்கிறார். பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்ற ஏழும் அங்கே இடம்பெறுகின்றன, தனிமை இடம்பெறவில்லை. துணையை நாடும் உயிருக்குத் துணையின்மை இச்சையால் வரும் துன்பமாகலாம் என்று ஒருவர் வாதிடக்கூடும், அவ்வாதம் நியாயமானதே. ஆனால் இனப்பெருக்கக் காலத்துக்கு வெளியே பெட்டா ஆண் பிற மீனை நாடுவதாகக் காட்டும் நடத்தை எதுவும் இல்லை. பிற மீனைக் கண்டவுடன் அது காட்டுவது எதிர்ப்பு. ஏழு துன்பங்களுள் ஒன்றையும் நீக்காத ஒரு செயல், பயம் என்ற ஆறாவதைப் புதிதாக உண்டாக்குமானால், அதைக் காருண்யம் என்று அழைக்க வள்ளலாரின் வரையறை இடம் தராது.

தொடக்கத்தில் குறித்த சமணத் தலமான, பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலையின் பாறையில் தீர்த்தங்கரர்களின் புடைப்புருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டையும் சக ஆண்டு 792ஐயும் ஒருங்கே தருவதால் பாண்டியர் காலக்கணிப்புக்கு அடிப்படையாக விளங்கும் அங்குள்ள கல்வெட்டு, அதாவது கி.பி. 870ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, சாந்திவீரக் குரவர் என்னும் சமணத் துறவி பார்சுவநாதர் உருவத்தைப் புதுப்பித்த செய்தியைக் கூறுகிறது. இருபத்து மூன்றாம் தீர்த்தங்கரரான பார்சுவநாதரைப் பற்றி வழங்கும் கதை இங்கு எடுத்துரைக்கத்தக்கது. கமடன் என்னும் தவசி, சுற்றிலும் தீ வளர்த்துத் தவம் செய்துகொண்டிருந்தபோது, எரியும் கட்டைக்குள் பாம்புகள் இருப்பதை இளவரசராயிருந்த பார்சுவர் அறிந்து சொல்கிறார். கட்டையைப் பிளந்து பார்த்தபோது வெந்த பாம்புகள் வெளிப்படுகின்றன. கமடன் அப்பாம்புகளைக் கொல்ல எண்ணியவன் அல்லன். தான் கையாளும் பொருளுக்குள் எவ்வுயிர் இருக்கிறது, அதற்கு என்ன நேரும் என்று பார்க்காமல் விட்டதே அவன் குற்றம். அறிவு முன்னும் இரக்கம் பின்னுமாக வரும் சமண வரிசையை இக்கதையைவிடத் தெளிவாகக் காட்டும் கதை அரிது.

உமாசுவாதி இயற்றிய சமண நூலான தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தார் மேற்கொள்ளும் கொல்லாமை விரதத்துக்கு நேரும் வழுக்கள் ஐந்தென்று கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றுள் கட்டுதல், அதாவது உயிரை அதன் விருப்பமான இயக்கத்திலிருந்து தடுத்து வைத்தல், முதலில் நிற்கிறது. ஆகவே மீன் தொட்டி என்பதே சமண நோக்கில் வழுவோடு தொடங்கும் ஏற்பாடு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேலும் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் அம்மரபு ஒரே வினையின் மூன்று வாயில்களாகக் கருதுகிறது. இவ்வடிப்படையில் நோக்கினால், தொட்டிக்குள் ஒரு மீன் மற்றொன்றின் துடுப்பைக் கடித்துக் கிழிக்கும்போது அதை மீனின் வினை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஓடையில் நிகழ்ந்திருந்தால் கடிபட்டது விலகி ஓடியிருக்கும். கண்ணாடிச் சுவர்களை எழுப்பி, ஓடும் வழியை அடைத்து, இரண்டையும் ஒரே நீரில் விட்டவன் மனிதன்; செய்வித்தவனும் அவனே. உயிர் உயிரைத் துன்புறுத்துவது உலக இயற்கை என்ற வழக்கமான சமாதானம் தொட்டியின் விளிம்போடு நின்றுவிடுகிறது.

துணையாக வருவதும் ஓர் உயிரே என்பதைத் துணை தேடுவோர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெட்டாவுக்குத் தோழமை தரட்டும் என்று ஒற்றை நியான் டெட்ராவை வாங்கி விடுவது பலர் செய்யும் செயல். நியான் டெட்ரா கூட்டமாக வாழும் மீன். தன் இனத்தவை ஆறேனும் உடன் இல்லாதபோது அது நிறம் மங்கி, செடிகளுக்குப் பின்னே ஒடுங்கி, உணவெடுக்கவும் அஞ்சுகிறது. தனிமையே இல்லாத மீனுக்குத் தனிமை தீர்க்க, தனிமையால் உண்மையிலேயே வாடும் மீனொன்று தனியாக்கப்படுகிறது. ஒருவரின் நலத்துக்கு மற்றவரைக் கருவியாக்கும் இவ்வழக்கம் மனிதர்க்கிடையே இழிவென்று ஒப்புக்கொள்ளப்படுகிறது. விரல் நீளம்கூட இல்லாத மீனிடத்தில் மட்டும் அது அறமாகிவிட வாய்ப்பில்லை.

திருக்குறளின் எண்பதாம் அதிகாரமான நட்பாராய்தல், குணமும் குடியும் குற்றமும் அறிந்த பின்னரே நட்புக் கொள்ள வேண்டும் என்றும், கொண்ட பின் விட இயலாது என்றும் எச்சரிக்கிறது. அங்கே ஆராய்பவன் தனக்காக ஆராய்கிறான், ஆராயப்படுபவனும் அவனை ஆராயலாம். தொட்டியிலோ மூன்றாமவன் ஒருவன் இருவர் சார்பிலும் ஆராய்ந்து முடிவு செய்கிறான். பிழைத்தால் துன்புறுவது அவனல்லன். ஆதலின் வள்ளுவர் கேட்கும் ஆராய்ச்சி இங்கே இரட்டிப்பாக வேண்டும். நீண்ட வண்ண வாலையுடைய ஆண் கப்பியை மற்றொரு பெட்டா என்று கருதி ஃபைட்டர் தாக்கக்கூடும். கௌராமி முதலிய லேபிரிந்த் மீன்கள் அதே மேல்மட்ட நீருக்குப் போட்டியிடுபவை. நம் ஊர்க் குபானஸ் மீனும் அவ்வரிசையில் சேரும். டைகர் பார்ப் போன்றவை பெட்டாவின் நீண்ட துடுப்புகளையே கடிக்கும். மாறாக, அடிமட்டத்தில் மேயும் கோரிடோரஸ், குஹ்லி லோச் ஆகியவையும், தென்கிழக்காசிய நீரையே தாயகமாகக் கொண்ட சிறிய ரஸ்போராக் கூட்டமும், போதிய அகலமும் அடர்ந்த செடிகளும் உள்ள தொட்டியில் பெட்டாவின் கண்ணில் அதிகம் படாமல் வாழக்கூடியவை. அப்போதும் ஒவ்வொரு பெட்டாவின் குணமும் வேறு. ஒன்று பொறுத்துக்கொண்ட நத்தையை மற்றொன்று கொத்தித் தீர்க்கலாம். இனத்தைப் பற்றிய அறிவு தனி உயிரைப் பார்க்கும் பார்வைக்கு மாற்றாக முடியாது.

கொடைக்கானலில் இவ்வாராய்ச்சி மேலும் கடினமாகிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள அந்நகரில் கோடைப் பகலிலும் வெப்பம் 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கிறது. குளிர்கால இரவுகளில் 10 பாகைக்கும் கீழே இறங்குகிறது. பெட்டாவுக்கு வேண்டியதோ 24 முதல் 28 பாகை வரையிலான நீர். குளிர்ந்த நீரில் அது உண்பதைக் குறைத்து, அடியில் அசையாமல் கிடந்து, நோய்க்கு ஆளாகிறது. அந்நிலையில் அது துணை மீனை எதிர்க்காமல் இருப்பதைக் கண்டு, இரண்டும் இணங்கிவிட்டன என்று வளர்ப்பவர் மகிழ்வது துயரமான தவறு. மறுபுறம், குளிரைத் தாங்கும் தங்கமீனைத் துணையாக்கினால் இரண்டில் ஒன்றுக்கு ஒவ்வாத வெப்பத்தில்தான் தொட்டியை வைத்திருக்க முடியும். அதே மலையின் அடிவாரத்தில் உள்ள பழனியில் ஆண்டின் பெரும்பகுதிக்கு நீர்சூடேற்றும் கருவியே தேவைப்படாது. எனவே கொடைக்கானலில் பெட்டா வளர்ப்பவர் முதலில் செய்ய வேண்டிய தேர்வு துணை மீன் பற்றியதாக இருக்க முடியாது. மின்தடையிலும் நீரை வெதுவெதுப்பாக வைத்திருக்கத் தம்மால் இயலுமா என்பதே அது.

இவ்வளவும் சொன்ன பின், பெட்டாவைத் தனியே வைப்பதே அறம் என்று முடித்துவிட்டுக் கடைகளில் நெகிழிக் குவளைகளில் அடைத்து வரிசையாக வைக்கும் வழக்கத்துக்கு அதை ஆதாரமாக்குவோரும் உண்டு. தனிமையும் நெருக்கடியும் ஒன்றல்ல. பழனி மலைக்கோயிலில் தண்டாயுதபாணி துணைவியர் இன்றி ஆண்டிக் கோலத்தில் நிற்பதை வழிபடும் சமயம், தனித்திருத்தலைக் குறையாகக் காணாத சமயம். ஆயினும் அத்தனிமைக்கு ஒரு மலை முழுதும் இடமாக இருக்கிறது. குவளைக்குள் திரும்பவும் இடமின்றித் தன் கழிவின் அம்மோனியாவிலேயே கிடக்கும் மீனின் நிலை, உமாசுவாதி முதலில் வைத்த கட்டுதல் என்னும் வழுவின் முற்றிய வடிவமாகும். தனியே வாழும் மீனுக்கும் குறைந்தது 20 லிட்டர் நீரும், மறைவிடமும், காற்றை உறிஞ்சத் திறந்த நீர்மட்டமும் வேண்டும். 2014ஆம் ஆண்டின் நாகராஜா வழக்குத் தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்த விலங்குகளின் ஐந்து விடுதலைகளுள், அச்சத்திலிருந்து விடுதலையும் இயல்பான நடத்தைக்கு விடுதலையும் அடங்கும். இவ்விரண்டையும் ஒரே மீனுக்குக் குவளையில் தர இயலாது, தவறான துணையோடும் தர இயலாது.

சேர்த்த துணை ஒவ்வாமற்போனால் எழும் கடமையே இவ்வினாவின் கடினமான பகுதி. மீனை நீர்நிலையில் விட்டுவிடுதல் புண்ணியம் என்ற எண்ணம் மக்களிடையே இருக்கிறது. 1863ஆம் ஆண்டில் மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்ச் ஓடையைத் தடுத்து உருவாக்கிய கொடைக்கானல் ஏரியில் விடப்படும் பெட்டா, அக்குளிரில் நெடுநாள் உயிரோடிராது. அது விடுதலையின் பெயரால் செய்யப்படும் கொலை. பழனியின் வையாபுரிக் குளம் போன்ற வெப்பமான நீரில் அது பிழைத்துவிட்டால், அந்நீருக்கே உரிய குபானஸ் முதலிய சிறுமீன்களின் இடத்துக்கும் இரைக்கும் அது போட்டியாகலாம்; தொட்டிக்குள் செய்த தவறு அப்போது ஊர் நீருக்குப் பரவுகிறது. ஆகவே துணை மீனை வாங்குவதற்கு முன்பே இரண்டாவது தொட்டிக்கான இடமும் பொருளும் ஒதுக்கிவைப்பதும், அது இயலாதவர் மீனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கடைக்காரரையோ வேறொரு வளர்ப்பவரையோ முன்கூட்டியே உறுதி செய்துகொள்வதும், அவ்விரண்டும் இயலாதவர் துணை தேடும் எண்ணத்தையே கைவிடுவதும் கொல்லாமை விரதத்தின் பகுதியாகவே கொள்ளத்தக்கன.