குடிலுக்குக் கணப்பு எதற்கு?

பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்தின் கோடியில் மரக்குடில் போட்டுக்கொள்வது பரவலான வழக்கம். கட்டைகள் அளவாக வெட்டப்பட்டே வந்துவிடுவதால் சுவர் எழும்ப அதிக நாளாகாது. அதன் பிறகுதான் பெரிய வேலை: தரைச் சட்டங்களுக்கு நடுவே வெப்பக் காப்புப் பலகை வைத்துத் தளம் போட வேண்டும், வீட்டிலிருந்து எஃகு உறை போட்ட கேபிளை மண்ணுக்கடியில் கொண்டுவர வேண்டும், ஹீட்டரோ விறகடுப்போ பொருத்த வேண்டும். எழுதவும் வாசிக்கவும் செபிக்கவும் ஓர் இடம் வேண்டும் என்றே இதைக் கட்டுபவர்கள் உண்டு. அவர்கள் முன் ஒரு பழைய கேள்வி நிற்கிறது. வீட்டைவிட்டு விலகி உட்காரக் கட்டிய இடத்துக்கு வீட்டின் சுகங்களையே கொண்டுபோனால், அந்த விலகலில் மிச்சம் என்ன? நிறையவே மிச்சம் இருக்கிறது என்பது என் கருத்து. குளிர் தாங்குவதைத் துறவின் அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான் பிழை.

1084இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் புனித புரூனோ தொடங்கிய கார்த்தூசியச் சபையைப் பாருங்கள். மேற்குக் கிறிஸ்தவத்தில் இவர்களைவிடக் கடுமையாகத் தனிமை காத்தவர்கள் அரிது. புலால் உண்பதில்லை, நள்ளிரவில் தூக்கத்தை உடைத்துக்கொண்டு செபத்துக்கு எழுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு துறவிக்கும் தனி வீடு, சிறு தோட்டம், பட்டறை, விறகடுப்பு எல்லாம் உண்டு. விறைத்த உடம்பு தன்னைத் தவிர வேறெதையும் நினைக்க விடாது என்பது பனிமலையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதித் தொகுப்பான விநயமும் இதே வழியில் சொல்கிறது. மருத்துவர் ஜீவகர் கேட்டுக்கொண்டபடி, பிக்குகளின் உடல்நலத்துக்காகத் தீ மூட்டிய வெப்ப அறையைப் புத்தர் அனுமதித்தார். அதே விநயம், கொடையாளி இல்லாமல் தானே பொருள் கேட்டுக் கட்டிக்கொள்ளும் குடில் புத்தரின் சாண் கணக்கில் 12க்கு 7ஐத் தாண்டுவதைக் கடுங்குற்றங்களில் சேர்த்தது. ஆளவி ஊர்ப் பிக்குகள் குடில் கட்ட ஆளும் பொருளும் ஓயாமல் கேட்டதால், தொலைவில் மாட்டைக் கண்டாலும் பிக்கு என்று எண்ணி மக்கள் ஓடினார்களாம். விதி பிறந்த கதை அது. அந்தப் பிக்குகளைக் கெடுத்தது சுகமன்று, முடிவில்லாத கட்டுமானம். நம் குடிலிலும் அப்படித்தான். உலர்ந்த தரையை நாம் மறந்துவிடுகிறோம். இன்னும் போடாத தரைதான் நாள் முழுக்க மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு எதிராக அமெரிக்க எழுத்தாளர் தோரோவைக் காட்டுவார்கள். 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரையில் அவர் குடியேறிய 10க்கு 15 அடி வீட்டுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். ஆனால் குளிர்காலம் வருமுன் அவரும் புகைபோக்கி கட்டினார், சுவருக்குச் சாந்து பூசினார். அடுத்த குளிர்காலத்தில் விறகை மிச்சப்படுத்த ஒரு சிறு அடுப்பு வைத்தபோது, அது தீயை மறைத்துவிட்டதே என்று வருந்தினார். இந்த வருத்தத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். தன் விறகைத் தானே பிளக்கும் துறவிக்குச் சூட்டின் விலை கையில் தெரியும். சுவிட்சைத் தட்டுபவருக்குத் தெரியாது. எனினும் பிறரைச் சார்ந்திருப்பது மின்சாரத்தோடு வந்த குறை அல்ல. தோரோவின் குடில் நின்றதே அவருடைய நண்பர் எமர்சனின் நிலத்தில்தான். குளிரில் ஒதுங்க இடமில்லாதவர்கள் ஊரில் இருக்கும்போது ஒரு குடும்பத்துக்கு இரண்டாவது கூரையா என்ற கேள்வி இதைவிடக் கூர்மையானது. ஆனால் அது குடிலே தேவையா என்று கேட்கிறது. ஹீட்டரை அணைத்துவிட்டு உட்காருவது அதற்குப் பதிலாகாது.

சூட்டை ஒப்புக்கொள்பவர்களும் கேபிளுக்கு அஞ்சுகிறார்கள். விளக்குக்கு வந்த மின்சாரம் நாளை திரைக்கும் வரும் என்கிறார்கள். அமெரிக்காவின் கென்டக்கியில் கெத்சமனி மடத்துக் காட்டில் துறவியும் எழுத்தாளருமான தாமஸ் மெர்ட்டன் தங்கிய குடிலில் முதலில் லாந்தர்தான் எரிந்தது. 1965இல் மின்சாரம் வந்தது. முழுநேரத் தனிவாசத்துக்கு அவர் போனது அந்த ஆண்டு ஆகஸ்டில், மின்சாரம் வந்த பிறகு. அந்த லாந்தரின் பெட்டியிலேயே, பகலை நீட்டிக் கூடுதல் கேளிக்கை தரும் என்று விளம்பரம் அச்சிட்டிருந்ததை அவர் ஒரு கட்டுரையில் கண்டித்திருக்கிறார். கம்பியே இல்லாத காட்டுக்கும் சந்தை ஒரு விளக்கோடு வந்து சேர்ந்தது. அதை அடையாளம் கண்டு மறுத்தவருக்குப் பின்னால் வந்த கம்பியால் கேடு விளையவில்லை. ஆகவே கேட்க வேண்டியது, அந்தக் கம்பியில் எதை மாட்டப் போகிறோம் என்பதைத்தான். ஒரு மேசை விளக்கு, ஒரு ஹீட்டர் என்று சுவர் எழும்புமுன்பே முடிவுசெய்தவருக்கு விநயத்தின் சாண் கணக்கு கிடைத்துவிட்டது. மூன்றாவது பிளக் எங்கே வேண்டும் என்று மின்பணியாளர் கேட்கும்போது, வேண்டாம் என்று அவரால் தயங்காமல் சொல்ல முடியும்.