விபத்துக்குப் பின் வரும் பயம்



சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில், மதுரையில் ஒரு நிக்காஹ்வை முடித்துக்கொண்டு நாமும் வீட்டாரும் பிள்ளைகளும் காரில் மேலப்பாளையம் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியை ஓட்டியது நாம்தாம். கோவில்பட்டியைத் தாண்டியதும் முன் டயர் வெடித்தது. வண்டி சுழன்று சாலையின் நடுத்திட்டில் மோதி நின்றது. அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை. வீட்டாருக்கு இடக்கை எலும்பு முறிந்தது. ஆறு வாரத்தில் அதுவும் கூடிவிட்டது.

ஆனால், உள்ளத்தில் விழுந்த அடி ஆறவில்லை. தெருவில் லாரி ஹாரன் அடித்தால் வீட்டார் திடுக்கிட்டு எழுவார். இரவில் உறக்கமில்லை. ஆட்டோவில் ஏறவும் மறுத்தார். 'அந்த வண்டிக்கு ராசியில்லை, விற்றுவிடுங்கள்' என்றனர் சிலர். சகுனம் பார்ப்பதை மார்க்கம் மறுத்திருக்கிறது என்று அவர்களுக்கு உடனே பதில் சொன்னோம். வீட்டாரிடமோ, "கலா கத்ரை நம்பியவருக்கு இவ்வளவு பயம் எதற்கு? ஸப்ர் செய்" என்று சற்றுக் கடுமையாகவே சொன்னோம். அவர் தலைகுனிந்து உள்ளே போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்துத் தென்காசியில் ஒரு நிக்காஹ்வுக்குக் குத்பா ஓத அழைப்பு வந்தது. காரில் போகவேண்டும் என்றதும் நம் கைகள் வேர்த்தன. 'காய்ச்சல்' என்று சொல்லி அனுப்பிவிட்டோம். காய்ச்சல் ஒன்றுமில்லை, அது பொய். மிம்பரில் நின்று தவக்குலைப் பற்றிப் பேசும் நாம், பயந்ததைச் சொல்ல வெட்கப்பட்டுப் பொய்யை எடுத்துக்கொண்டோம். பயந்தது பாவமன்று, அந்தப் பொய்தான் பாவம். அதற்காக அல்லாஹ்விடம் தவ்பாச் செய்தோம்.

அந்த நாட்களில்தான், மதரஸாவில் பலமுறை ஓதிய ஒரு ஹதீஸ் மீண்டும் நம் கண்ணில் பட்டது. ஸஹீஹுல் புகாரியில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில் நடந்தது என்பர் உலமாக்கள். பெருமானார் (ஸல்) அவர்களும் பின்னால் அன்னை ஸபிய்யா (ரலி) அவர்களும் அமர்ந்திருந்த ஒட்டகம் கால் இடறிற்று. இருவரும் கீழே விழுந்தனர். அபூதல்ஹா (ரலி) அவர்கள் தம் வாகனத்திலிருந்து குதித்து ஓடிவந்து, 'அடிபட்டதா?' என்று பதறினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள், தமக்கு ஒன்றுமில்லை என்றும், அந்தப் பெண்ணைக் கவனிக்குமாறும் கூறினார்கள். அபூதல்ஹா (ரலி) தம் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு சென்று, அத்துணியை அன்னையின் மீது போர்த்தினார்கள். அன்னை எழுந்தார்கள். பிறகு வாகனத்தைச் சரிசெய்து கொடுக்க, இருவரும் ஏறினார்கள். தோழர்கள் சூழ்ந்து வர, அல்லாஹ்வைப் புகழ்ந்தவர்களாக மதீனா சேர்ந்தார்கள்.

சகோதரர்களே, சிந்தித்துப் பாருங்கள்! விழுந்தவருக்கு அங்கே உபதேசம் நடக்கவில்லை. முதலில் கவனிப்பு, அடுத்து வாகனத்தைச் செம்மைப்படுத்துதல், அதன்பின் தோழர்கள் சூழ, மீண்டும் பயணம். நாமோ நம் வீட்டாரைக் கவனிக்காமல் குத்பா ஓதியிருக்கிறோம்!

பயம் ஈமானின் குறைவு என்போர் முதல் வஹீ இறங்கிய நாளை நினைக்கட்டும். ஹிரா குகையிலிருந்து நடுங்கிய உள்ளத்துடன் வீடு வந்த பெருமானார் (ஸல்) அவர்கள், தம்மைப் போர்த்துமாறு கேட்டார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள், 'ஏன் பயம்?' என்று கண்டிக்கவில்லை. நடுக்கம் தீரும் வரை போர்த்தினார்கள். பிறகு நல்ல வார்த்தை சொல்லித் தேற்றினார்கள். அதன்பின், விஷயம் தெரிந்தவரான வரகாவிடம் அழைத்துச் சென்றார்கள்.

அன்று மாலையே வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டோம். நமக்கும் பயம் இருப்பதைச் சொன்னோம். "நீங்களுமா?" என்றார், பல நாட்களுக்குப் பின் அப்போதுதான் அழுதார். பிறகு இருவரும் சேர்ந்தே மனநல மருத்துவரிடம் சென்றோம். நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு நிவாரணத்தையும் தந்திருக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. உள்ளத்தின் நோய்க்கும் அதுவே.

மருத்துவர் விளக்கினார்: விபத்து மீண்டும் மீண்டும் கண்முன் வருவது, கெட்ட கனவு, சிறு ஓசைக்கும் திடுக்கிடுவது, வாகனத்தைத் தவிர்ப்பது ஆகியவை உயிர் தப்பிய பலருக்கும் வருபவை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமே தணியும், ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் வைத்தியம் தேவை, வாகனத்தை விட்டு ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும், சிறிது சிறிதாக நெருங்கினால் தேயும். அவர் சொன்னபடி, முதலில் நின்ற வண்டியில் அமர்ந்து, வாகனத்தில் ஏறும் துஆவை ஓதிவிட்டு இறங்கினோம். பிறகு தெரு முனை வரை. பிறகு பாளையங்கோட்டை வரை. மூன்று மாதத்தில் வீட்டார் தம் தாயாரைப் பார்க்கக் காரிலேயே சென்று வந்தார். அல்ஹம்து லில்லாஹ்!

இன்னொன்றும் உண்டு. 'புறப்படும்முன் டயரைப் பார்த்திருந்தால்...' என்ற எண்ணம் நம்மை அரித்தது. நடந்து முடிந்ததைப் பற்றி, 'இப்படிச் செய்திருந்தால்' என்று புலம்புவது ஷைத்தானுக்கு வாசல் திறக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அதே நாயகம்தான் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவும் கற்பித்தார்கள். ஆகவே நேற்றைய டயருக்காக நெஞ்சை அரிக்கவிடுவதில்லை. நாளைய பயணத்துக்கு டயரைப் பார்க்காமல் புறப்படுவதுமில்லை.

எனவே, உங்கள் வீட்டில் யாரேனும் விபத்தில் தப்பி வந்தால், முதலில் உடலைக் கவனியுங்கள். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாக மயங்கித் தூங்கினாலோ உடனே 108க்குச் சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நலம் விசாரிக்க வருகிறவர்கள் விபத்தைத் திரும்பத் திரும்பக் கிளறிக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். விளையாட்டுக்கும் அவரைத் திடுக்கிட வைக்காதீர்கள். ஒரு முஸ்லிமைப் பயமுறுத்துவது ஆகுமானதன்று என்பது ஹதீஸ். கவலையை விட்டும் துக்கத்தை விட்டும் பாதுகாவல் தேடும் துஆக்களை அவரோடு சேர்ந்து ஓதுங்கள். பயம் நீங்காவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நேரில் செல்ல வெட்கப்படுவோர், மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலிமானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

ஸப்ர் என்பது பயத்தை மறைப்பதன்று. பயத்தோடு அல்லாஹ்வின் பக்கம் திரும்பி, அவன் தந்த வழிகளைக் கையாள்வதே ஸப்ர். வல்ல அல்லாஹ், பயணம் போகும் நம் அனைவரையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக! அதிர்ந்துபோன உள்ளங்களுக்கு அமைதியை அருள்வானாக! அவர்களுக்குப் போர்வையாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.