ஒரே அளவு நியாயமாகுமா?

வியாபாரிக்கு அளவில் நேர்மையே உயிர். பணக்காரர் வந்தாலும் ஏழை வந்தாலும் நம் தராசு ஒன்றுபோலவே நிற்க வேண்டும். இதில் நமக்குள் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. ஆனால், சகோதரர்களே, இந்த நியாயத்தைப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய், 'எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம், ஒரே வேகம். அதுவே சமத்துவம்' என்று சொல்லலாமா?

மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் தாய்மார்கள் பால் மரம் வெட்டப் போவார்கள். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் கிடக்கும். அக்கொட்டகைகளில் குறைகள் ஏராளம். எழுத்து இல்லை, விளையாட்டுப் பொருள் இல்லை. என்றாலும், எந்தக் குழந்தை தொட்டிலை ஆட்டினால் தூங்கும், எது தனியே விட்டால் அழும் என்பது நல்ல ஆயாவுக்குத் தெரியும். பரிவு ஒன்று, கவனிப்பு வேறு வேறு.

கற்றறிந்தவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போரினால் ஊர் திரும்ப இயலாமல், சில காலம் கொடைக்கானலில் தங்கி அங்கும் குழந்தைகளோடு பணி செய்தார். முதலில் குழந்தையைக் கூர்ந்து கவனி, பிறகு அதற்கு ஏற்றதைக் கொடு என்பதே அவர் முறையின் சாரம்.

மலேசியாவில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வியின் ஓர் அங்கமாக்கியது. இன்று பாலர் வகுப்பில் ஒரு பிள்ளை வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தால் 'மந்தம்' என்று முத்திரை குத்திவிடுகிறோம். வீட்டில் பேசும் மொழி வேறாக இருக்கலாம். காது சரியாகக் கேளாமல் இருக்கலாம். புது இடத்தின் அச்சமாகவும் இருக்கலாம். காரணம் மூன்று, மருந்து ஒன்றாகுமா?

'வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்க, ஆசிரியை ஒருவர் என்ன செய்வார்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆளுக்கொரு பாடம் வேண்டியதில்லை. ஒரே கதையை ஒரு பிள்ளை காதால் கேட்கட்டும், ஒன்று படம் பார்த்து அறியட்டும், மற்றொன்று களிமண்ணில் செய்து பார்க்கட்டும். பெற்றோர் பங்கும் உண்டு. பிள்ளையின் குணத்தை ஆசிரியையிடம் சொல்லுங்கள். காதிலோ கண்ணிலோ ஐயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்துக் கடைக்காரர் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதை இன்றே நிறுத்துங்கள்.

நம் கடைக்கே திரும்புவோம். தராசு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அரிசி கேட்டவருக்கு அரிசியும் உப்பு கேட்டவருக்கு உப்பும் நிறுக்கிறோம். சமத்துவம் என்று வந்தவர்க்கெல்லாம் ஒரு படி உப்பை அளந்து கொடுத்தால், நம்மை நேர்மையாளர் என்று யார் சொல்வார்? வாடிக்கையாளர் முகம் பார்த்தே தேவையை அறிகிற நாம், வீட்டுக்குப் போய் நம் குழந்தையின் முகத்தையும் சற்று நின்று பார்க்க வேண்டாமா?